இக்காலுயிட் – நூக்: நேராகப் போவதா, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதா?

கனடாவின் நுனாவுட் ஆட்சிப்பகுதிக்குத் தலைநகர் இக்காலுயிட். கிரீன்லாந்துக்குத் தலைநகர் நூக். இரண்டுக்கும் நடுவே டேவிஸ் நீரிணையும் பாஃபின் தீவின் ஒரு துண்டும்தான் இருக்கின்றன. இரு ஊர்களிலும் இனூயிட் மக்களே பெரும்பான்மை. அவர்கள் பேசும் மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 2002 ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளை இரு ஊர்களும் சேர்ந்தே நடத்தின. 2016இல் நூக் நடத்தியபோது பனி ஹாக்கிக்கு ஏற்ற அரங்கம் அங்கே இல்லாததால், அந்தப் பிரிவை மட்டும் இக்காலுயிட்டில் வைத்தார்கள். அவ்வளவு நெருக்கம் இருந்தும், ஆண்டின் பெரும்பகுதியில் இக்காலுயிட்டிலிருந்து நூக் போக வேண்டுமானால் முதலில் தெற்கே ஒட்டாவாவுக்கு இறங்கி, அட்லாண்டிக்கைச் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும்.

வழிகள் நான்கு. கீழே உள்ள தூரங்கள், விமான நிலையங்களின் ஆயத்தொலைவுகளை வைத்துக் கணக்கிட்ட மிகக் குறுகிய வளைகோட்டுத் தூரங்கள். விமானம் உண்மையில் பறக்கும் பாதை இதைவிடச் சில விழுக்காடு கூடும். கடைசி நிரலில் இருப்பது, உங்களுக்கு வேண்டிய நாளில் விமானம் இருந்தால் ஆகும் நேரம்.

| வழி | தூரம் (கி.மீ.) | வானில் இருக்கும் நேரம் | வாசல் முதல் வாசல் வரை |
|---|---|---|---|
| நேரடி | 822 | சுமார் 2 மணி | 4–5 மணி |
| ஒட்டாவா – நியூவர்க் வழி | 5,620 | சுமார் 8½ மணி | 1–2 நாள் |
| ஒட்டாவா – டொரண்டோ – ஐஸ்லாந்து வழி | 8,030 | சுமார் 13 மணி | 1½ நாள் |
| ஒட்டாவா – டொரண்டோ – கோபன்ஹேகன் வழி | 12,270 | சுமார் 16½ மணி | 2–2½ நாள் |

பட்டியலைப் பார்த்த கையோடு நேரடி விமானம்தான் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். கி.மீ. நிரலை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் இந்தப் பயணத்தை முடிவு செய்வது தூரமில்லை. எந்த மாதம், வாரத்தில் எந்தக் கிழமை என்பதுதான் முடிவு செய்கிறது.

## தூரம் எப்படி வருகிறது

இக்காலுயிட் விமான நிலையம் 63.76° வடக்கு, 68.56° மேற்கு. நூக் விமான நிலையம் 64.19° வடக்கு, 51.68° மேற்கு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன; தீர்க்கரேகை வேறுபாடு 16.88°. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகை 111 கி.மீ. சொச்சம். வடக்கே போகப் போக அது சுருங்கி, 64° வடக்கில் சுமார் 48.8 கி.மீ. ஆகிவிடுகிறது. 16.88ஐ 48.8ஆல் பெருக்கினால் 824. கோளக் கணிதம் முழுதும் போட்டால் 822. இந்தச் சோடிக்குக் கைக்கணக்கே போதும்.

இதே கைக்கணக்கை கோபன்ஹேகன் – நூக் தூரத்துக்குப் போட்டால் ஏமாற்றிவிடும். தட்டையான வரைபடம்போல எண்ணி, சராசரி அட்சரேகையை வைத்துக் கணக்கிட்டால் 3,710 கி.மீ. என்று வரும். உண்மையான குறுகிய தூரம் 3,540தான். தீர்க்கரேகை வேறுபாடு 64° இருப்பதால் குறுகிய பாதை வடக்கே நன்றாக வளைந்து போகிறது. அந்த வளைவு மிச்சப்படுத்துவதுதான் அந்த 170 கி.மீ.

சுவரில் மாட்டியிருக்கும் மெர்கேட்டர் என்ற தட்டை உலக வரைபடத்தை நம்பிவிடாதீர்கள். 64° வடக்கில் அது எல்லாவற்றையும் 2.3 மடங்கு பெருக்கிக் காட்டும். இக்காலுயிட்டுக்கும் நூக்குக்கும் நடுவே பெருங்கடல் கிடப்பதுபோல அதில் தெரிவது வரைபடத்தின் கைவேலை.

இன்னொரு வேடிக்கை. இக்காலுயிட்டிலிருந்து கிளம்பும்போது விமானத்தின் திசை 79°, அதாவது கிழக்குக்குச் சற்று வடக்கே. நூக் சேரும்போது அதுவே 94°, கிழக்குக்குச் சற்றுத் தெற்கே. விமானம் எங்கும் திரும்பவில்லை. வடக்கில் தீர்க்கரேகைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துவருவதால் திசை எண் மட்டும் மாறுகிறது.

## நேரம்: காற்றும் கடிகாரமும்

நேரடி வழித்தடத்துக்கு ஏற்ற விமானம் டேஷ் 8-200 வகை. 37 இருக்கை அளவுள்ள, இரட்டை எஞ்சின் டர்போப்ராப், அதாவது சுழல்விசிறியால் இயங்கும் விமானம். பயண வேகத்தை மணிக்கு 500 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் 822 கி.மீ.க்கு 1 மணி 39 நிமிடம். ஏற்றம், இறக்கம், ஓடுபாதையில் உருளும் நேரம் எல்லாம் சேர்த்து 15–20 நிமிடம் கூட்டுங்கள்.

டர்போப்ராப்பில் காற்றின் பங்கு பெரிது. பின்காற்று மணிக்கு 80 கி.மீ. இருந்தால் வேகம் 580 ஆகி, 85 நிமிடத்தில் கடந்துவிடலாம். அதே காற்று எதிரே வீசினால் வேகம் 420; 117 நிமிடம். இந்த அட்சரேகையில் உயரத்தில் மேற்குக் காற்று வீசும் நாட்களே மிகுதி என்பதால் நூக் போகும் பயணம் குறுகியதாகவும், திரும்பும் பயணம் நீளமாகவும் அமைவதுதான் வழக்கம். பின்காற்றைவிட எதிர்காற்றில் கூடும் அந்த அரை மணியின் விளைவு நேரத்தோடு முடிவதில்லை. எரிபொருள் கூடும், அதனால் சுமை குறையும். அதைப் பிறகு பார்ப்போம்.

கடிகாரக் கணக்கில் பலர் சறுக்குகிறார்கள். 2023க்கு முன் அச்சான வழிகாட்டிகளில் இரு ஊர்களுக்கும் நேர வேறுபாடு 2 மணி என்றிருக்கும். 2023இல் கிரீன்லாந்து தன் நிலையான நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளிக்கொண்டது. இப்போது குளிர்காலத்திலும் கோடையிலும் நூக் 3 மணி முன்னால் இருக்கிறது. காலை 10 மணிக்கு இக்காலுயிட்டில் ஏறினால் நூக்கில் இறங்கும்போது பிற்பகல் 3. திரும்பும்போது நேர்மாறு: நூக்கில் மாலை 4 மணிக்குக் கிளம்பி 2¼ மணி நேரம் பறந்தால், இக்காலுயிட்டில் அதே நாள் 3:15. கிளம்பிய நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

இரண்டு இடைவெளிகளில் மட்டும் வேறுபாடு 2 மணி ஆகும். கனடா கோடை நேரத்துக்கு மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறுகிறது. கிரீன்லாந்து ஐரோப்பாவோடு சேர்ந்து மார்ச் கடைசி வார இறுதியில்தான் மாறும். இலையுதிர்காலத்தில் கிரீன்லாந்து அக்டோபர் கடைசி வார இறுதியில் பின்வாங்க, கனடா நவம்பர் முதல் ஞாயிறு வரை காத்திருக்கும். அந்த நாட்களில் இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் தங்கள் கணக்கை நம்பாமல், டிக்கெட்டில் அச்சிட்ட உள்ளூர் நேரத்தை மட்டும் நம்புவது நல்லது.

## நேரடி விமானம்: இருக்கும்போது நிகரில்லை

இந்த வழித்தடத்தின் வரலாறே எச்சரிக்கைதான். 2012இல் ஏர் கிரீன்லாந்து இதைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நின்றுபோனது. பிறகு 2024 கோடையில், கனடியன் நார்த் நிறுவனத்தோடு கைகோத்து, வாரம் ஒரு முறை என்று மறுபடி பறந்தது. ஜூன் இறுதி முதல் அக்டோபர் வரையிலான பருவகாலச் சேவை அது. ஆகவே விடுப்பு எழுதிக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று: நீங்கள் போகும் ஆண்டின், போகும் மாதத்தின் அட்டவணையில் இது இருக்கிறதா என்று பார்ப்பது. போன வருஷம் இருந்தது என்பது சான்றாகாது.

வாரம் ஒரு முறை என்பதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். உங்கள் தேதி எதுவாக இருந்தாலும் அடுத்த விமானத்துக்குச் சராசரியாக மூன்று நாள் காத்திருக்க நேரும்; மோசமான நிலையில் ஆறு நாள். கூட்டத்துக்கோ திருமணத்துக்கோ மருத்துவரைப் பார்க்கவோ குறிப்பிட்ட தேதியில் சேர வேண்டியவருக்கு, இரண்டு மணி நேர விமானம் நடைமுறையில் ஐந்து நாள் பயணமாகிவிடலாம். போய்த் திரும்புவதும் இதே விமானம் என்றால் நூக்கில் ஏழு இரவோ பதினான்கு இரவோதான் தங்க முடியும். மூன்று நாள் வேலை என்றாலும் ஏழு இரவுக்கு விடுதிச் செலவு. மலிவான டிக்கெட்டின் மிச்சத்தை நூக்கின் விடுதி வாடகை விழுங்கிவிடும்.

இனி, என்ன தவறலாம். முதல் எதிரி மூடுபனி. கோடையில், அதாவது இந்தச் சேவை ஓடும் பருவத்தில், குளிர்ந்த கடல்நீரின்மேல் ஈரமும் வெப்பமும் உள்ள காற்று நகரும்போது கடல்மட்டத்தில் மூடுபனி திரளும். நூக் கடலோர ஊர். இக்காலுயிட் ஃப்ரோபிஷர் விரிகுடாவின் தலைமுனையில் இருக்கிறது. இரண்டு ஊர்களும் இதற்கு ஆளாகும். இரண்டாவது எதிரி நூக்கைச் சூழ்ந்த மலைகள். பலத்த காற்று அவற்றின்மேல் ஏறி இறங்கும்போது கிளம்பும் கொந்தளிப்பு, ஓடுபாதை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நாளில்கூட விமானத்தைத் திருப்பி அனுப்பும்.

மூன்றாவது, பலர் நினைத்துப் பார்க்காதது: மாற்று விமான நிலையங்களின் தூரம். சேரும் இடம் மூடியிருந்தால் அடுத்த நிலையம் வரை போகவும், அதற்கு மேல் வானில் காத்திருக்கவும் எரிபொருள் இருந்தாக வேண்டும். நூக்குக்குப் பெரிய மாற்று நிலையம் கங்கர்லுசுவாக். வடக்கே சுமார் 320 கி.மீ. கடலிலிருந்து உள்ளே தள்ளி, நீண்ட ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே உள்ளே புகுந்த கடற்கழியின்) தலையில் இருப்பதால் அங்கே வானிலை நிதானமானது, ஓடுபாதையும் நீளமானது. திரும்பும் பயணத்தில் நிலைமை கடினம். இக்காலுயிட் மூடினால் அடுத்த பெரிய நிலையம் தெற்கே கூஜ்ஜுவாக். அது 630 கி.மீ. தள்ளி. 822 கி.மீ. பயணத்துக்கு மேல் இன்னொரு 630 கி.மீ.க்கான எரிபொருளையும் சுமக்கும் சிறிய விமானத்தில் எதைக் குறைப்பார்கள்? முதலில் சரக்கு, பிறகு கூடுதல் பெட்டிகள், கடைசியில் இருக்கைகள். பயணி வந்து சேர்ந்து பெட்டி வராத கதைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. மருந்து, ஒரு மாற்றுத் துணி, கனமான மேல்கோட்டு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். டேஷ் 8இன் தலைக்கு மேலுள்ள பெட்டி அறை சிறியது. பெரிய விமானத்தில் உள்ளே போகும் சக்கரப் பெட்டி இதில் போகாது.

விமானம் ரத்தானால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் மறுநாள் முயல்வார்கள். ஆனால் அந்த விமானத்துக்கு மறுநாள் வேறு ஊர்களில் வேலை இருக்கும். இரண்டு நாள் இளக்கம் வைக்காமல் இந்த வழியில் போகாதீர்கள்.

## நியூவர்க் வழி: வரைபடத்தில் அழகு

2024 நவம்பர் 28 அன்று நூக்கில் 2,200 மீட்டர் புது ஓடுபாதை திறந்தது. அதற்கு முன் இருந்தது 930 மீட்டர்தான். பெரிய ஜெட் எதுவும் இறங்க முடியாத நீளம் அது. டேஷ் 8 போன்ற குறுகிய ஓட்ட விமானங்களே போய்வந்தன. புது ஓடுபாதையின் பயனாக, 2025 ஜூன் 14 அன்று அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ், நியூயார்க்கை அடுத்த நியூவர்க்கிலிருந்து நூக்குக்கு விமானத்தைத் தொடங்கியது: 737 மேக்ஸ் 8, வாரம் இரண்டு முறை, கோடையில் மட்டும். 2,990 கி.மீ., சுமார் நான்கு மணி நேரம்.

இக்காலுயிட்டிலிருந்து ஒட்டாவா 2,100 கி.மீ., மூன்று மணி. ஒட்டாவாவிலிருந்து நியூவர்க் 530 கி.மீ. அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை ஒட்டாவா விமான நிலையத்திலேயே முடித்துவிடலாம். நியூவர்க்கில் உள்நாட்டுப் பயணிபோல இறங்கிக்கொள்ளலாம். அந்த அளவில் வசதிதான்.

குறை எங்கே? மூன்று துண்டுகளும் மூன்று நிறுவனங்களுடையதாக அமையலாம். அப்போது அவை தனித்தனி டிக்கெட்டுகள். முதல் விமானம் தாமதமானால் மூன்றாவது உங்களுக்காக நிற்காது, பணமும் திரும்பாது. வாரம் இரண்டே விமானம் என்பதால் தவறவிட்டால் மூன்று நான்கு நாள் நியூவர்க்கில் கிடக்க வேண்டிவரும். குறைந்தது ஓர் இரவை அங்கே ஒதுக்கி வைத்துக்கொண்டு போவதே விவேகம். அந்த இரவையும் சேர்த்தால், தூரத்தில் 2,400 கி.மீ. குறைவான இந்த வழி ஐஸ்லாந்து வழியைவிட வேகமானதும் இல்லை.

இன்னொன்று. திரும்பும்போது நூக்கில் வாங்கிய, சீல் என்ற கடல் விலங்கின் தோலால் ஆன கையுறையோ காலணியோ பெட்டியில் இருந்தால் இந்த வழி கூடாது. 1972இன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் சீல் தோல் பொருட்களை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவதைத் தடுக்கிறது, பறிமுதல் செய்துவிடுவார்கள். இது திரும்பும் பயணத்துக்கு மட்டுமில்லை. இக்காலுயிட்டிலிருந்து சீல் தோல் காலணி அணிந்துகொண்டு கிளம்புகிறவருக்கும் ஒட்டாவாவின் அமெரிக்கச் சோதனையிலேயே சிக்கல். நார்வால் என்ற திமிங்கில வகையின் தந்தம், பனிக்கரடித் தோல் போன்றவற்றுக்கு எந்த வழியில் போனாலும் கட்டுப்பாடுகள் உண்டு.

## ஐஸ்லாந்து வழி: பெரும்பாலோருக்கு இதுதான்

இக்காலுயிட் – ஒட்டாவா – டொரண்டோ, அங்கிருந்து ஐஸ்லாண்டேர் விமானத்தில் கெஃப்லாவிக் (4,170 கி.மீ., ஆறு மணிக்குச் சற்றுக் குறைவு), பிறகு நூக் (1,400 கி.மீ.). கடைசித் துண்டு டர்போப்ராப் என்றால் மூன்று முதல் மூன்றரை மணி, ஜெட் என்றால் இரண்டரை மணிக்குள்.

இதன் பலம் இரண்டு. டொரண்டோவிலிருந்து நூக் வரை ஒரே நிறுவனத்தின் ஒரே டிக்கெட்டில் போக முடிவது முதல் பலம். இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. டொரண்டோவில் மாலையில் ஏறி, ஐஸ்லாந்தில் விடிகாலையில் இறங்கி, அன்றே நூக் சேரும்படி அட்டவணை பொருந்திவந்தால், இக்காலுயிட்டில் காலையில் கிளம்பியவர் மறுநாள் நூக்கில் இருப்பார். விமானங்கள் வாரத்தில் பல நாட்கள் இருப்பது இரண்டாவது. ஒன்று போனால் இன்னொன்று.

கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக் பகுதியில் இரண்டு விமான நிலையங்கள். பன்னாட்டு விமானங்களுக்குக் கெஃப்லாவிக்; ரெய்க்யாவிக் நகருக்குள் இன்னொரு சிறிய நிலையம். இடைவெளி சுமார் 50 கி.மீ. கிரீன்லாந்து விமானங்கள் நீண்ட காலம் நகர நிலையத்திலிருந்து கிளம்பின. பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் அப்படித்தான் சொல்லும். உங்கள் டிக்கெட்டில் இருப்பது கே.ஈ.எஃப். என்ற குறியீடா, ஆர்.கே.வி. என்பதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் பெட்டியை எடுத்து, பேருந்து பிடித்து, மறுபடி பதிய மூன்று மணியாவது வேண்டும்.

இக்காலுயிட்டிலிருந்து டொரண்டோ வரையிலான பகுதிதான் இந்த வழியின் பலவீனமான கண்ணி. இக்காலுயிட்டில் குளிர்காலப் பனிப்புயல் விமான நிலையத்தை ஒன்றிரண்டு நாள் முடக்கிப்போடுவது அரிதல்ல. இக்காலுயிட் டிக்கெட் ஒரு நிறுவனம், டொரண்டோ டிக்கெட் இன்னொன்று என்றிருந்தால், நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஒட்டாவாவிலோ டொரண்டோவிலோ ஓர் இரவு தங்குவதாகவே திட்டமிடுங்கள். ஓர் இரவு விடுதிச் செலவு, இழந்த அட்லாண்டிக் டிக்கெட்டைவிட மலிவு.

## கோபன்ஹேகன் வழி

பதினைந்து மடங்கு தூரம். ஐஸ்லாந்தின் தலைக்கு மேலேயோ அருகிலோ கடந்துபோய், மறுபடி அதே கடலைத் தாண்டித் திரும்பி வரும் வழி இது. ஆனாலும் இதை ஒதுக்கிவிட முடியாது. ஏர் கிரீன்லாந்தின் ஏர்பஸ் ஏ330-800, 305 இருக்கைகளோடு கோபன்ஹேகன் – நூக் நேராகப் பறக்கிறது, குளிர்காலத்திலும் பறக்கிறது. கிரீன்லாந்துக்கும் டென்மார்க்குக்கும் இடையேதான் போக்குவரத்து மிகுதி என்பதால் இடம் கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல். ஐஸ்லாந்து விமானங்கள் நிரம்பிவிட்டபோதும், ஐரோப்பாவில் வேறு வேலை இருக்கும்போதும் இதை எடுக்கலாம். வேறு காரணத்துக்கு எடுப்பது உடம்புக்குக் கேடு: இக்காலுயிட் நேரத்திலிருந்து கோபன்ஹேகன் 6 மணி முன்னால், அங்கே தூக்கம் கலைந்த மறுநாளே 3 மணி பின்னால் வர வேண்டும்.

## பாஸ்போர்ட் எது என்பதைப் பொறுத்து வழி மாறும்

கனடியக் குடியுரிமை உள்ளவருக்குச் சுற்றுலாவாக எந்த வழியிலும் விசா தேவையில்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு கனடாவில் நிரந்தரக் குடியிருப்பு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு.

கிரீன்லாந்து டென்மார்க் முடியாட்சியின் பகுதி. ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள்) இல்லை. சாதாரண ஷெங்கன் விசா வைத்துக்கொண்டு நூக்கில் இறங்க முடியாது. டென்மார்க்கிடம் விண்ணப்பிக்கும்போதே கிரீன்லாந்து போவதாகக் குறிப்பிட்டு, விசாவில் கிரீன்லாந்துக்குச் செல்லும் என்ற குறிப்பைப் பெற வேண்டும். நேரடி விமானத்தில் போகிறவருக்கு அந்தக் கிரீன்லாந்து அனுமதி மட்டும் போதும். ஐஸ்லாந்து வழியாகவோ கோபன்ஹேகன் வழியாகவோ போனால், பெட்டி எடுக்கவோ இரவு தங்கவோ எல்லையைத் தாண்டினாலே ஷெங்கன் விசாவும் வேண்டும். போகும்போது ஒரு நுழைவு, திரும்பும்போது இன்னொன்று என்பதால் பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். ஒற்றை நுழைவு விசாவோடு போய், திரும்பும் வழியில் கெஃப்லாவிக்கில் மாட்டிக்கொள்வது எளிதில் நடக்கக்கூடிய பிழை. நியூவர்க் வழிக்கு அமெரிக்க விசா கட்டாயம். கனடிய நிரந்தரக் குடியிருப்பு அட்டை அதற்கு ஈடாகாது. அந்த அட்டை கனடாவுக்குத் திரும்ப விமானம் ஏறும்போது கையில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இக்காலுயிட் – ஒட்டாவா துண்டைத் தனியே பாருங்கள். மூன்று சுற்று வழிகளிலும் அது உண்டு; பல சமயம் அட்லாண்டிக்கைக் கடக்கும் துண்டைவிட அதுதான் விலை கூடியது. நுனாவுட்டின் நில உரிமை ஒப்பந்தத்தின் கீழ் வரும் இனூயிட் மக்களுக்குக் கனடியன் நார்த்தில் இலாக் என்ற பெயரில் சலுகைக் கட்டணம் இருக்கிறது. அதற்குத் தகுதி உள்ளவருக்குச் சுற்று வழியின் விலை வெகுவாக இறங்கும்.

கப்பல் என்று கேட்பவர்கள் உண்டு. இரு ஊர்களுக்கும் நடுவே பயணிகள் படகு கிடையாது. சர்ஃபாக் இத்துக் என்ற கப்பல் கிரீன்லாந்தின் மேற்குக் கரையோரமாக மட்டுமே ஓடுகிறது. கோடை உல்லாசக் கப்பல்கள் நீரிணையைக் கடப்பதுண்டு. அது பயணமே நோக்கமானவர்களுக்கு. முழு விமானத்தை வாடகைக்கு எடுப்பது விளையாட்டு அணி, இசைக் குழு போன்ற இருபது முப்பது பேருக்குப் பொருளுள்ள வழி: ஆளுக்கு ஒரு சுற்று டிக்கெட்டும் இரண்டு இரவு விடுதியும் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையை வைத்துக்கொண்டு விலை கேளுங்கள். திரும்பிப்போகும் வெற்று விமானத்துக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள்.

## போவது ஒரு வழி, வருவது ஒரு வழி

நவம்பர் முதல் மே வரை யோசிக்க ஒன்றுமில்லை: ஐஸ்லாந்து, அது கிடைக்காவிட்டால் கோபன்ஹேகன். கோடையில் நேரடி விமானம் ஓடும் ஆண்டுகளில், அதை ஒரு பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துவதுதான் பெரும்பாலும் கெட்டிக்காரத்தனம். ஏழு இரவுக் கட்டாயம் போய்விடும். நேரமும் பாதிக்குப் பாதி மிச்சம்.

எந்தப் பக்கத்துக்கு? இக்காலுயிட்டில் வசிப்பவர் போகும்போது நேரடி விமானத்தை எடுக்கட்டும். அது ரத்தானால் அவர் தன் வீட்டில்தான் இருக்கிறார், விடுதிச் செலவில்லை. திரும்பும்போது வாரம் பல முறை கிளம்பும் ஐஸ்லாந்து விமானம் கைகொடுக்கும். டொரண்டோவிலிருந்தோ ஒட்டாவாவிலிருந்தோ கிளம்பி இரண்டு ஊரையும் பார்க்க நினைப்பவருக்கு இது தலைகீழ். அவர் முதலில் ஐஸ்லாந்து வழியாக நூக் போய், அங்கிருந்து நேரடி விமானத்தில் இக்காலுயிட் வந்து, ஒட்டாவாவுக்கு இறங்குவதே நல்லது. நூக்கில் நேரடி விமானம் ரத்தானால், ஐஸ்லாந்து வழியே டொரண்டோ போய்விடலாம். இழப்பது இக்காலுயிட்டைப் பார்ப்பது மட்டும். மாற்றி வைத்தால், இக்காலுயிட்டில் உட்கார்ந்து அடுத்த விமானத்துக்கு நாள் எண்ண வேண்டும், அல்லது 2,100 கி.மீ. தெற்கே திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.